பாணைக் குறைக்கும் முன் பருப்பைக் கூட்டுவோம்

(கொழும்பில் வேலை செய்யும் மலையக உறவுகளுக்காகக் கொட்டாஞ்சேனையில் நடந்த ஞாயிறு கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலை செய்யும் நம் அண்ணன் ஒருவர் சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். பாணையும் சோற்றையும் விட்டால் ஒரே மாதத்தில் பத்துக் கிலோ இறங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் சீனியில்லாத தேத்தண்ணியோடு மாத்திரையைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். பதினொரு மணிக்குக் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, கண் இருட்டியது. பக்கத்தில் நின்ற பையன் பிடித்து உட்காரவைத்துச் சீனித் தண்ணீர் கொடுத்ததால் தப்பினார்.

அவர் எடையைக் குறைக்க நினைத்தது தப்பில்லை. குறைத்த விதம்தான் தப்பு. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

தோட்டத்தில் நம் அப்பா அம்மா காலையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு மலை ஏறினார்கள். கொழுந்துக் கூடையைச் சுமந்து ஏறி இறங்கியதில் அந்த மாவெல்லாம் கரைந்தது. நாம் கொழும்புக்கு வந்தோம். கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம், கடையில் நின்றபடி நிற்கிறோம். மலை போய்விட்டது, மாவு மட்டும் கூடவே வந்துவிட்டது. காலையில் பாண், நான்கு மணிக்குப் பணிஸ், இரவில் கொத்து ரொட்டி. எல்லாம் அதே கோதுமை மா.

இந்த மா நாம் விரும்பித் தேடியதல்ல. கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை. தோட்டத்தில் அரிசியையும் மாவையும் கொடுத்துச் சம்பளத்தில் கழித்த காலம் நமக்குத் தெரியும். 1973, 74 பஞ்சத்தில் லயங்களில் பட்டினியால் செத்தவர்களையும் மறக்கவில்லை. வயிறு நிறைந்தால் போதும் என்று நம் வீடுகள் நினைத்ததற்குக் காரணம் அந்தப் பசிதான். அதனால் பாண் சாப்பிடுகிறவரை யாரும் கேலி பேச வேண்டாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம். அதில் ஏறத்தாழ 1,200 கலோரி இருக்கிறது. அரை இறாத்தல் சாப்பிட்டால் 600 கலோரி. அதில் பெரும்பகுதி மாச்சத்து. புரதம் கொஞ்சம்தான், நார்ச்சத்து அதைவிடக் குறைவு. அதனால்தான் காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டும் பத்து மணிக்கே மறுபடி பசிக்கிறது.

தேத்தண்ணிக்கும் கணக்குப் பாருங்கள். ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் பதினைந்து தேக்கரண்டி. அது 60 கிராமைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளுக்கு 50 கிராமுக்குக் கீழே, முடிந்தால் 25 கிராம். ஆகவே பாணில் கை வைக்கும் முன் சீனியில் கை வையுங்கள். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும், செலவும் குறையும்.

பாணை விட்டு மெலிவது புதிய கதையில்லை. 1863இல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்ற பணக்காரர் பாண், சீனி, உருளைக்கிழங்கு, பியர் எல்லாவற்றையும் விட்டு மெலிந்து, அதைப் புத்தகமாகவும் போட்டார். ஆனால் அவர் பட்டினி கிடக்கவில்லை. பாண் இருந்த இடத்தில் இறைச்சியும் மீனும் வைத்துச் சாப்பிட்டார். நம் தட்டில் பாணை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சம்பல் மட்டும்தான்.

2018இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மாச்சத்தையும் மறு பகுதிக்குக் கொழுப்பையும் ஓராண்டு குறைத்துப் பார்த்தார்கள். இரு பக்கமும் சராசரியாக ஐந்து, ஆறு கிலோ குறைந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. இரு பக்கத்தாரும் சீனியையும் வெள்ளை மாவையும் குறைத்து மரக்கறியைக் கூட்டியவர்கள். முதல் வாரத்தில் வேகமாக இறங்கும் எடையில் பெரும்பகுதி உடம்பில் இருந்த தண்ணீர். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்? அரை இறாத்தல் சாப்பிடுகிறவர் கால் இறாத்தலாகக் குறையுங்கள். குறைத்த இடத்தில் ஒரு கிண்ணம் பருப்போ, அவித்த கடலையோ, கௌபியோ, ஒரு முட்டையோ வையுங்கள். பகல் சோற்றைக் கொஞ்சம் குறைத்து வல்லாரை, பொன்னாங்காணி, நெத்தலிக் கருவாடு சேருங்கள். கருவாட்டை நன்றாகக் கழுவி உப்பைப் போக்குங்கள். கொத்து ரொட்டி வாரத்துக்கு ஒரு நாள் போதும். இரவில் கடை மூடியதும் காலி வீதியிலோ கடற்கரையிலோ அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. மருந்தின் அளவையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். அரச வைத்தியசாலையில் பரிசோதனை இலவசம். லீவு இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. இங்கே நாம் குறைப்பதை ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சொல்லிவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17தான். இங்கே மாமாவுக்குத் தொந்தி, அங்கே மருமகனுக்கு வளர்ச்சியில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்று: தட்டு நிறைய மா, பக்கத்தில் ஒன்றுமில்லை. ஊருக்குப் பணம் அனுப்பும்போது முட்டைக்கும் பருப்புக்கும் என்று சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக, இது நம் வாய்க்கட்டுப்பாட்டோடு முடிகிற விஷயமில்லை. "சாப்பாட்டோடு சம்பளம்" என்று சொல்லி முதலாளி காலையில் பாணும் சம்பலும் மட்டும் கொடுத்தால் நாம் எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது? 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் வேலை நேரம் நாளுக்கு எட்டு மணித்தியாலம். சாப்பாட்டு இடைவேளையும் உண்டு. நின்றபடி இரண்டு வாய் விழுங்கிவிட்டு ஓட வேண்டியதில்லை. காலைச் சாப்பாட்டில் பருப்பு வேண்டும், உட்கார்ந்து சாப்பிட நேரம் வேண்டும் என்று நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்தே போய்க் கேட்போம்.