கழுவாமல் கிடக்கும் ரோல்



நவம்பர் மாதம் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு தேடல் தொடங்கிவிடும். கல்லறையைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்தாகிவிட்டது. இறந்தவருடைய படம் ஒன்று வேண்டும். சட்டம் போட வேண்டும், நினைவு அட்டை அச்சடிக்க வேண்டும். தேடிப் பார்த்தால் பல வீடுகளில் கிடைப்பது ஆதார் அட்டையில் உள்ள படம்தான். அதைப் பெரிதாக்கி, பின்புறம் நீல நிறம் கொடுத்து, கழுத்துக்குக் கீழே ஒரு பட்டுப்புடவையையும் சேர்த்து ஸ்டூடியோக்காரர் கொடுத்துவிடுகிறார். காலையிலிருந்து வரிசையில் நின்ற களைப்போடு, கேமராவைப் பார்த்து மிரண்டு உட்கார்ந்திருந்த அந்த ஒரு நொடி, எழுபது ஆண்டு வாழ்ந்த ஒரு தாயின் முகமாகச் சுவரில் ஏறிவிடுகிறது.

அதே வீட்டின் பீரோவில், பழைய பத்திரங்களுக்கும் திருமண அழைப்பிதழ்களுக்கும் அடியில், கழுவாத பிலிம் ரோல் ஒன்று கிடக்கலாம். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

அது அங்கே எப்படி வந்தது என்பது நம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தெரியும். அன்று கேமரா எல்லார் வீட்டிலும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர் கொண்டுவந்த ஒரு யாஷிகாவோ, கடையில் வாங்கிய ஒரு ஹாட்ஷாட்டோ தெருவுக்கு ஒன்று இருக்கும். திருமுழுக்கு, புதுநன்மை, காதுகுத்து, ஆவூர் பெரியநாயகி மாதா தேர் என்று அது வீடு வீடாக இரவல் போகும். ஒரு ரோலுக்கு 36 படம். ஒவ்வொன்றும் காசு. 32 எடுத்ததும், "இன்னும் நாலு இருக்கு, கிறிஸ்துமசுக்கு எடுத்துட்டுக் கழுவிக்கலாம்" என்று நிறுத்தி வைப்போம். கிறிஸ்துமஸ் வரும், அந்த நாலும் எடுத்தாகிவிடும், கழுவக் கையில் பணம் இருக்காது. கேமராக்காரர் கேமராவைக் கேட்பார். ரோலை எடுத்து அந்தக் கறுப்பு டப்பாவில் போட்டு மூடி வைப்போம். மற்ற டப்பாக்களில் சில்லறையும் தைலமும் இருக்கும், இதில் மட்டும் பிலிம் இருக்கும். அப்புறம் கைப்பேசி வந்தது.

கைப்பேசியைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. 2019 ஜனவரியில் விராலிமலையில் நடந்த ஜல்லிக்கட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. அன்று எடுக்கப்பட்ட படங்களை எண்ணி முடியாது. அவற்றில் எத்தனையை இன்று நாம் திறந்து பார்க்கிறோம் என்பது வேறு கதை.

அந்த ரோலுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிலிமின் மேல் மெல்லிய ஜெலட்டின் பூச்சு இருக்கிறது. அதில் வெள்ளி கலந்த உப்பின் நுண்ணிய படிகங்கள் பரவியிருக்கின்றன. ஷட்டர் திறந்து மூடும் கண நேரத்தில் வெளிச்சம் பட்ட படிகங்களில் நான்கைந்து வெள்ளி அணுக்கள் ஒன்று சேர்கின்றன. அவ்வளவுதான். படம் அங்கேயே பதிந்துவிட்டது, ஆனால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. மருந்தில் போட்ட பிறகுதான் அந்தச் சின்னப் புள்ளி வளர்ந்து உருவமாகிறது. கலர் பிலிமில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெள்ளி வளரும்போது அதன் பக்கத்திலேயே மஞ்சள், கருஞ்சிவப்பு, நீலப்பச்சை என்று மூன்று அடுக்குகளில் சாயம் உண்டாகிறது. சாயம் உண்டானதும் வெள்ளி முழுவதையும் கரைத்து வெளியே எடுத்துவிடுகிறார்கள். நாம் நெகட்டிவில் பார்ப்பது சாயத்தை மட்டுமே.

கறுப்பு வெள்ளைப் பிலிமை விராலிமலை போன்ற ஊரிலேயே ஸ்டூடியோக்காரர் தம் டார்க் ரூமில் கழுவிவிடலாம். மருந்து கொஞ்சம் சூடாகவோ குளிராகவோ இருந்தாலும் படம் வந்துவிடும். கலர் பிலிம் அப்படி விட்டுக்கொடுக்காது. மருந்து 37.8 டிகிரி செல்சியசில் இருக்க வேண்டும், 3 நிமிடம் 15 விநாடி. கால் டிகிரி மாறினாலும் முகத்தின் நிறம் மாறிவிடும். அதனால்தான் கலர் ரோல்கள் திருச்சிக்கும் மதுரைக்கும் பஸ் ஏறின. அங்கே இயந்திரம் வைத்த கலர் லேப்கள் இருந்தன. மூன்று நாள், நான்கு நாள் கழித்து உறையில் படங்கள் வரும். அந்த உறையைக் கடை வாசலிலேயே பிரித்துப் பார்க்காதவர் நம்மில் யார்?

அந்த லேப்கள் இன்று ஏன் இல்லை? இயந்திரம் பழுதானதால் மட்டுமில்லை. இயந்திரத்தில் இருக்கும் மருந்து, ரோல்கள் வந்துகொண்டே இருந்தால்தான் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு ரோலும் உள்ளே போகப் போக, பழைய மருந்து கொஞ்சம் வெளியேறும், புதிய மருந்து கொஞ்சம் சேரும். வாரத்துக்கு ஒரே ஒரு ரோல் வந்தால், தொட்டியில் நிற்கிற மருந்து காற்றுப் பட்டுக் கெட்டுவிடும். அந்த ஒரு ரோலும் கெடும். நம் வீட்டுத் திருமுழுக்குப் படம் நல்ல நிறத்தில் வந்ததற்கு, அதே நாளில் முகம் தெரியாத யாரோ இருபது முப்பது பேர் தங்கள் ரோல்களைக் கொடுத்திருந்ததும் ஒரு காரணம். இது நமக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

நம் தமிழ்நாட்டிலேயே பிலிம் தயாரித்தோம் என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். 1960-இல் மத்திய அரசு ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, அதை உதகமண்டலத்தில் நிறுவியது. தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்பதால் மலை. 1967-இல் உற்பத்தி தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் பிலிமும், அரசு மருத்துவமனைகளுக்கு எக்ஸ்ரே பிலிமும் 'இந்து' என்ற பெயரில் அங்கிருந்து வந்தன. தொழிற்சாலையைச் சுற்றி உருவான பகுதிக்கே இந்துநகர் என்று பெயர். கலர் வந்தது, பிறகு டிஜிட்டல் வந்தது; 1990களிலேயே நலிவடைந்த நிறுவனம் கடைசியில் மூடப்பட்டது. இருட்டில் கைத்தடவலாக வேலை செய்யப் பழகிய தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார்கள். அந்த வெளிச்சம் அவர்களுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்காது.

வெளிநாட்டில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கோடக் நிறுவனத்தின் கோடாக்ரோம் என்ற கலர் பிலிம் 1935-இல் வந்தது. அதைக் கழுவும் முறை தனி, மருந்து தனி. 2009-இல் அந்தப் பிலிமை நிறுத்தினார்கள். அதைக் கழுவ உலகத்திலேயே ஒரே ஒரு லேப்தான் மிஞ்சியது, அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சிற்றூரில். 2010 டிசம்பர் 30-க்குள் வந்து சேரும் ரோல்களை மட்டுமே கழுவுவோம் என்று அவர்கள் அறிவித்தார்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் பொட்டலங்கள் வந்து குவிந்தன. ரயில்வே தொழிலாளர் ஒருவர் 1,580 ரோல்களுக்கான படங்களை வாங்க நேரிலேயே வந்தார். தயாரான கடைசி ரோலில் படம் எடுக்கும் பொறுப்பு ஸ்டீவ் மெக்கரி என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரருக்குக் கிடைத்தது. அந்த 36 படங்களில் சிலவற்றை எடுக்க அவர் நம் இந்தியாவுக்கு வந்தார். அந்தத் தேதிக்குப் பின் யார் வீட்டு அலமாரியிலாவது கோடாக்ரோம் ரோல் அகப்பட்டால், அதில் கலர் இனி வராது.

நம் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று சொல்லத்தான் இதைச் சொன்னோம். நம் வீடுகளில் கிடக்கும் கலர் ரோல்கள் அநேகமாக எல்லாமே சி-41 என்ற முறையில் கழுவப்படுபவை. 1972-இல் வந்த அந்த முறை இன்றும் மாறவில்லை. சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற பெருநகரங்களில் அதைக் கழுவித் தருகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பழைய கேமராக்களைத் தேடி வாங்கும் இளைஞர்கள்தான் அவர்களுக்கு வாழ்வு கொடுக்கிறார்கள். ஆனால் ரோலுக்குள் இருக்கும் படம் காத்திருக்காது. நம் ஊர் வெயிலில், ஓட்டு வீட்டுப் பரணில், தகரப் பெட்டியில் ஒவ்வொரு கோடையும் அதில் கொஞ்சம் அழித்துவிடுகிறது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். விராலிமலைக்குப் பக்கத்துக் கிராமம். அம்மா இறந்துவிட்டார். முப்பதாம் நாள் திருப்பலிக்கு ஆதார் படத்தைத்தான் வைத்தார்கள். அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, பழைய சேலைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்ட ஒரு ரோல் டப்பா கிடைத்தது. மகன் வளைகுடாவுக்குப் போகுமுன் இரவல் கேமராவில் எடுத்தது. கழுவ நேரமில்லாமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறியவர், அதை மறந்தே போனார். அம்மா மறக்கவில்லை. பேரன் அதை வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பிலிமை வெளியே இழுக்கப் போனான். "டேய், இழுக்காதடா! எக்ஸ்போஸ் ஆயிடும்" என்று அப்பா கத்திய கத்தலில் பையன் பயந்தே போனானாம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் இழுத்திருந்தால் போதும், அந்தப் பகுதி போய்விட்டிருக்கும்.

சென்னைக்குக் கூரியரில் அனுப்பினார்கள். கலர் பாழாகியிருக்கலாம், ஒன்றுமே வராமலும் போகலாம் என்று லேபில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். வந்தது. 36-இல் முக்கால்வாசி வெறும் ஊதா மூட்டம். பதினொன்றில் மட்டும் உருவம் தெரிந்தது. ஆவூர்த் தேரின் மேல்பகுதி, யாரோ ஒருவருடைய முதுகு, ஒரு ஐஸ் வண்டி. இரண்டில் அம்மா. ஒன்றில் தலையே இல்லை. மற்றொன்றில் கூட்டத்துக்கு நடுவே, எதற்கோ வாய்விட்டுச் சிரித்து, பல் தெரியாமல் மறைக்கக் கையைத் தூக்கியிருக்கிறார். கை வாய்க்குப் போய்ச் சேருவதற்குள் படம் விழுந்துவிட்டது. "சாமி, எங்கம்மா இப்படிச் சிரிக்கும்ங்கிறதே எனக்கு மறந்து போச்சு" என்றார் மகன். சுவரில் இப்போது அந்தப் படம் இருக்கிறது. பச்சையும் ஊதாவுமாகப் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கிறது. ஸ்டூடியோவில் சரிசெய்து தருகிறோம் என்றார்களாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆகவே அன்பானவர்களே, இந்த வாரம் பீரோவையும் பெட்டியையும் பரணையும் ஒருமுறை பாருங்கள். ரோல் கிடைத்தால் முனையைக் கவனியுங்கள். பிலிமின் நாக்கு முழுவதும் உள்ளே போயிருந்தால் அநேகமாகப் படம் எடுத்த ரோல். நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புதிய ரோலாக இருக்கலாம். எதுவானாலும் இழுக்காதீர்கள். பழைய கேமரா கிடைத்தால், உள்ளே ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறக்காதீர்கள். சுற்றும் குமிழைத் திருகிப் பாருங்கள், உள்ளே இழுவை தெரிந்தால் ரோல் இருக்கிறது. அனுப்பும்வரை காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். யார், எந்த ஆண்டு, என்ன விசேஷம் என்று நினைவிருந்தால் ஒரு தாளில் எழுதிக் கூடவே அனுப்புங்கள். எவ்வளவு பழைய ரோல் என்று தெரிந்தால் லேப்காரர் அதற்கேற்ற வழியைப் பார்ப்பார். கலர் வராது என்று தோன்றினால், அதையே கறுப்பு வெள்ளை மருந்தில் கழுவி உருவத்தையாவது மீட்கிறவர்களும் உண்டு.

திருச்சி விமான நிலையம் வழியாகச் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ போகிற உறவினரிடம் கொடுத்து அனுப்புவதாக இருந்தால், பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லாதீர்கள். அந்தப் பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே கழுவாத பிலிமைக் கெடுத்துவிடும். கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேட்கச் சொல்லுங்கள்.

கழுவி முடித்ததும் படங்களைக் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டோம், நெகட்டிவ் எதற்கு என்று லேபில் கேட்டால், வேண்டும் என்று சொல்லுங்கள். அதை மடிக்காமல், ஈரம் படாத இடத்தில், தாள் உறையில் வைத்து, உறையின் மேல் பெயரும் ஆண்டும் எழுதி, வீட்டில் யாராவது ஒரு பிள்ளையிடம் அது எங்கே இருக்கிறது என்று காட்டி வையுங்கள்.