கொத்துக்கறி இயந்திரத்தைப் பேணும் முறை

(வீரசோழனில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மழை பொய்த்த ஆண்டிலும் இவ்வறண்ட வட்டாரத்து உழவருக்குக் கைகொடுப்பது ஆடு வளர்ப்பாகும். நெடுந்தூரம் நடந்து மேய்ந்து முற்றிய ஆட்டின் கறியில் நார் மிகுதி. அதனை மென்மையாக்கப் பச்சைப் பப்பாளிக்காயை அரைத்துப் பூசுவதும், கத்தியால் கொத்துவதும் நம் இல்லங்களில் நெடுநாள் வழக்கம். கொத்தும் வேலையை இன்று கடைகளில் மின்சார இயந்திரம் செய்கிறது. அது நின்றவுடன், "மோட்டார் போயிற்று" என்று அருப்புக்கோட்டைக்குத் தூக்கிச் செல்கிறோம். பல வேளைகளில் பழுது மோட்டாரில் இருப்பதில்லை. அதனைக் கண்டறியும் வழியைக் கூற விரும்புகின்றேன்.

எதனைத் தொடுவதற்கு முன்னும் பிளக்கைப் பிடுங்கிவிடுதல் வேண்டும். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது.

இயந்திரம் உறுமிக்கொண்டு சுழலாமல் நின்றால் உடனே நிறுத்துங்கள். இன்றேல் மோட்டாரின் சுருள் கருகிவிடும். அரைக்கும் தலையைக் கழற்றி வைத்துவிட்டு, மோட்டாரை மட்டும் சிறிது ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால், எலும்புத் துண்டோ நாரோ தலையினுள் இருக்கும் திருகில் சிக்கியிருக்கும். அப்போதும் உறுமினால், மின்னழுத்தம் 230 வோல்ட்டுக்கு மிகவும் தாழ்ந்திருக்கலாம். அல்லது கண்டென்சர் கெட்டிருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் கண்டென்சர் அதிர்ச்சி தரவல்லது. ஆதலால் அதனை மின்பணியாளரே தொடவேண்டும்.

கறி வெட்டுப்படாமல் கூழாக வருமாயின் கத்தியைப் பாருங்கள். அதன் தட்டையான முகம் துளைத்தட்டை ஒட்டியிருத்தல் வேண்டும். திருப்பி மாட்டினால் வெட்டாது. கத்தியும் தட்டும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தியவை. சாணை பிடிக்கும்போது இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். கறியின்றி ஓட்டினாலும், முன்வளையத்தை மிகையாக முறுக்கினாலும் இரண்டும் சூடேறித் தேயும். தடித்த நாரை முன்னரே நீக்கி, சிறு துண்டுகளாக இடுவது நலம்.

கறியைத் தள்ளுவதற்குக் கட்டையையே பயன்படுத்துங்கள். ஒருகால் கை சிக்கிவிட்டால் இழுக்கலாகாது. மின்சாரத்தைத் துண்டித்து, 108 ஆம்புலன்சை அழைத்து, அரைக்கும் தலையை மோட்டாரிலிருந்து கழற்றிக் கையோடு சேர்த்தே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

5 முதல் 60 பாகை வெப்பத்தில் கிருமிகள் கறியில் விரைந்து பெருகும். ஆகவே வேலை முடிந்ததும் தலையின் உறுப்புகளை வெந்நீரிலும் சோப்பிலும் கழுவி, உலர்த்தி, சமையல் எண்ணெயைத் தடவி வையுங்கள். மோட்டாரின் மேல் நீர் ஊற்றலாகாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இறுதியாக ஒன்று. ஈரக்கையோடு நின்று செய்யும் தொழில் இது. மூன்று முனைப் பிளக்கும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் கட்டாயம் வேண்டும். பியூஸ் போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டுவது தீயை வீட்டுக்கு அழைப்பதாகும். கரியும் உப்பும் இட்ட எர்த் குழி, கோடையில் கரிசல் வெடிக்கும்போது தானும் காய்ந்துவிடுகிறது. காய்ந்த குழி கசியும் மின்சாரத்தை நன்கு ஈர்த்துக்கொள்ளாது. குடிநீருக்கே முறை வைக்கும் நாளில் குழிக்கு நீரா என்று எண்ணாதீர்கள். ஒரு குடம் நீர் ஓர் உயிரைக் காக்கும். பஞ்சாயத்துக் கட்டடங்கள், பம்ப் அறைகள் ஆகியவற்றின் குழிகளையும் உறுப்பினர்கள் பார்வையிட்டு ஆவன செய்வார்களாக.