வட்டிக் கணக்கும் வாடகைக் கட்டிடமும்

(புளியங்குடியில் நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் தமிழாசிரியன் ஒருவன் பேசுதற்கு உரியதோ எனச் சிலர் ஐயுறலாம். நம் இளைஞர் சிலர் சென்னை, பெங்களூர், மும்பை முதலிய நகரங்களில் நிதி நிறுவனங்களில் அமர்ந்து, கம்பெனிகளின் வரவு செலவுகளை ஆராய்ந்து, இப்பங்கினை வாங்கலாம், அப்பங்கினை விற்கலாம் என அறிக்கை வரையும் உத்தியோகத்தில் இருக்கின்றனர். அவருள்ளும் சிலர் அதனை விடுத்து, அலுவலகக் கட்டிடம், கடைத்தொகுதி, கிட்டங்கி ஆகியவற்றை விற்றுக் கொடுக்கவும் வாடகைக்கு அமர்த்தவும் ஆகிய தொழிலிற் புக விழைகின்றனர். பெற்றோரோ, "ஐயா, மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுத் தரகுக்குப் போகிறேன் என்கிறான்; நீங்கள் புத்தி சொல்லுங்கள்" என என்னிடம் வந்து வருந்துகின்றனர். புத்தி சொல்லுமுன் பொருளை அறிதல் வேண்டுமன்றோ?

பணக்கணக்கில் தேர்ந்தோர் நிலத்தின்பாற் சென்ற வரலாறு தமிழர்க்குப் புதிதன்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவில் வட்டிக்கடை வைத்து, கீழ்ப்பர்மாவின் நெல் விளைவுக்குப் பணம் ஈந்தனர். அவர்தம் கணக்குத் திறம் உலகறிந்தது. கடையிற் பெட்டியடிப் பையனாகப் புகுந்தவன் அடுத்தாளாகி, பின்னரே முகவனாவான். அவர்கள் நிலத்தை ஈடாகக் கொண்டனரேயன்றி, அதனை உடைமையாக்கிக் கொள்ள விரும்பினாரல்லர். 1930ஆம் ஆண்டு உலகப் பொருளாதார மந்தத்தால் நெல்விலை வீழ்ந்தது. கடன்பட்டோர் கொடுக்க இயலாது நிலத்தையே கொடுத்தனர். நெல் விளையும் முதன்மையான 13 மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்தம் நிலவுடைமை 1938இல் 25 பங்காயிற்று. ஏட்டில் அது பெருஞ்செல்வம். ஆயினும் 1942இல் ஜப்பானியர் படையெடுப்பும், 1948இல் இயற்றப்பெற்ற நில தேசியமயச் சட்டமும் வந்தபோது, அந்நிலத்தைப் பெட்டியில் வைத்துக் கப்பலேற்ற ஒருவராலும் இயலவில்லை.

இதனைக் கூறுவது நிலத்தொழில் தீது என்றற்கன்று. அவர் விரும்பிச் சென்றாரல்லர். நம் இளைஞர் விரும்பிச் செல்கின்றனர். ஆயின் பங்கினைக் காலையில் வாங்கி மாலையில் விற்கலாம். கட்டிடத்தை அங்ஙனம் விற்றல் இயலாது. இவ்வேற்றுமையே இத்தொழிலில் முதற்பாடம்.

கணக்கறிவு வீணாகுமோ எனின், ஆகாது. கட்டிடம் ஒன்று 60 லட்சம் ரூபாய் விலையுடையது. மாத வாடகை 40 ஆயிரம் என்பர் தரகர். ஆண்டுக்கு 4,80,000, நூற்றுக்கு 8 வருகிறது என மகிழ்வான் நம் ஆள். அதே கட்டிடம் ஆண்டில் மூன்று மாதம் ஆளின்றிக் கிடந்து, வரியும் பழுதும் 48 ஆயிரம் உண்டால், எஞ்சுவது 3,12,000. அஃதாவது நூற்றுக்கு 5.2. இக்கணக்கை நொடியிற் போடுவான் நிதி ஆராய்ந்தவன். மூன்று மாதம் ஏன் பூட்டிக் கிடக்கும் என்பதை மட்டும் எந்த அறிக்கையும் அவனுக்குக் கூறாது.

நம்மூரையே காண்மின். மதுரைப் பக்கமிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள இவ்வூரில், எலுமிச்சை வரத்து மிக்க நாளில் கமிஷன் கடைக்கு இடங்கேட்டு நிற்போர், விலை சரிந்த நாளில் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கின்றனர். பேருந்து நிற்குமிடத்தை அறுபதடி தள்ளினால் தேநீர்க்கடையின் வாடகை மாறிவிடும். இவை நடந்து கற்கும் பாடம்.

சட்டமும் கற்றல் வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆவணத்தை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிதல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமோ, பதிவு பெற்ற திட்டங்களின் விற்பனையில் ஈடுபடும் தரகரும் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும் என விதிக்கிறது. வில்லங்கச் சான்றைப் பார்த்தறியாதவன், எத்துணைப் பட்டம் பெற்றவனாயினும், இத்தொழிலில் பெட்டியடிப் பையனே.

இடைவழி ஒன்றும் உண்டு. வாடகை ஈட்டும் பெருங்கட்டிடங்களைப் பலர் பங்காக வைத்துக்கொள்ளும் 'ரீட்' என்னும் அமைப்புக்கு 2014இல் செபி விதி வகுத்தது. 2019இல் எம்பஸி நிறுவனத்தின் ரீட் இந்நாட்டில் முதலாவதாகப் பங்குச் சந்தையில் ஏறிற்று. பங்கிடத்தக்க வரவில் நூற்றுக்கு 90க்குக் குறையாது பங்குடையார்க்கு அளித்தல் வேண்டும் என்பது விதி. இத்தகைய அமைப்புகளுக்குக் கணக்கும் அறிந்து, கட்டிடமும் அறிந்த ஆட்கள் வேண்டும். நம் இளைஞர் சம்பளத்தை முற்றும் இழவாது அவ்வாயிலிற் புகுதலே என் கருத்து.

இனி, யான் அஞ்சுவது ஒன்றனையே. தொழில் மாறியவன் முதலாண்டிலேயே மாமனிடமும் சித்தப்பனிடமும் பணம் திரட்டிக் கட்டிடம் வாங்க முற்படுகிறான். தங்கை திருமணத்துக்கென வைத்த பணம் ஆளில்லாக் கடையிற் பூட்டிக் கிடக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வந்தால், அக்கடையின் சுவரிலிருந்து செங்கலையா பெயர்த்துக் கொடுப்பது? இரண்டாண்டேனும் பிறர் கட்டிடத்தில், பிறரிடம் சம்பளம் பெற்று உழைத்த பின்னரன்றி உறவினர் பணத்தைத் தொடலாகாது. பெற்றோரும் அவனைத் தடுக்க வேண்டா; பணத்தை மட்டும் தடுப்பாராக.

நம் அங்கத்தினருள் மதுரையிலும் சென்னையிலும் கடைத்தொகுதி வைத்திருப்போர் சிலர் இங்கே அமர்ந்திருக்கின்றனர். விடுமுறை நாட்களில் இவ்விளைஞரை அழைத்து, வாடகைப் பேரேட்டையும், குத்தகைப் பத்திரத்தையும், வாடகை தராது இழுத்தடிப்பவனிடம் பேசும் முறையையும் காட்டுமாறு அவர்களை வேண்டுகின்றேன். இசைவுடையோர் இன்று கலையுமுன் காரியதரிசியிடம் பெயர் கொடுப்பாராக.