முகப்படம் எடுக்கப் புகுவோர்க்கு

நம் நாட்டு இல்லங்களில் கூடத்துச் சுவரை நோக்கினால், மாலை சூடிய பெரியவர் ஒருவரின் படத்தைக் காணலாம். அந்தப் படம் எவ்வாறு கிடைத்தது என்று வினவிப் பாருங்கள். அடையாள அட்டைக்காக அவசரத்தில் எடுத்ததைப் பெரிதாக்கியிருப்பார்கள். அல்லது கலியாணக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் நின்ற முகத்தைத் தனியே வெட்டி எடுத்திருப்பார்கள். எழுபது, எண்பது ஆண்டுகள் நம்மிடையே வாழ்ந்த ஒருவருக்கு, அவரை அவராகவே காட்டும் படம் ஒன்றுகூட இல்லாமற் போய்விடுகிறது. இத்தனைக்கும் இன்று கைபேசியிலேயே காமிரா அமைந்துவிட்டது. ஆகவே குறை கருவி இல்லாமையால் நேர்ந்ததன்று. எங்கே நின்று எடுப்பது, எந்த லென்ஸைக் கொள்வது, எந்த ஒளியில் முகத்தை வைப்பது என்னும் மூன்றையும் நாம் எண்ணிப் பாராமையே குறை. இம்மூன்றைப் பற்றியும் புதிதாகப் பழகுவோர்க்குப் பயன்படும் சிலவற்றை இன்று கூற விரும்புகிறோம்.

எங்கள் அனுபவம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் பெரியம்மாவைப் படம் எடுக்க விரும்பி, கைபேசியை முகத்தருகே நீட்டி எடுத்தோம். அதைப் பார்த்த பெரியம்மா, "இது யாரடா, இந்தக் கிழவி? மூக்கு மாத்திரம் முன்னால் வருகிறதே!" என்றார். அவர் சொன்னது முற்றிலும் மெய். அவர் மூக்கு அப்படிப்பட்டதன்று; நாங்கள் நின்ற இடந்தான் அதை அப்படி ஆக்கியது.

இதன் காரணம் எளிய கணக்கே. மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே, முன்பின்னாகச் சுமார் 12 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொள்வோம். காமிரா மூக்கிலிருந்து 40 சென்டிமீட்டரில் இருந்தால், காது 52 சென்டிமீட்டரில் இருக்கும். அருகிலுள்ளது பெரிதாகத் தெரியுமாதலின், காதோடு ஒப்பிட மூக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கு பெருத்துவிடும். இரண்டு மீட்டர் விலகி நின்றாலோ, அவ்வேறுபாடு நூற்றுக்கு 6 பங்காகச் சுருங்கிவிடும். நாம் ஒருவரோடு அமர்ந்து உரையாடும்போது ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு மீட்டர் தூரத்திலிருந்தே அவர் முகத்தைக் கண்டு பழகியிருக்கிறோம். நமக்கு அறிமுகமான முகம் அந்தத் தூரத்து முகமே. எனவே முதல் விதி, இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்பது.

அப்படித் தள்ளி நின்றால் முகம் சிறுத்துச் சுற்றுப்புறம் மிகுந்துவிடுமே என்று கேட்கலாம். லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் வேலை அங்கேதான் வருகிறது. முகத்தின் அமைப்பை மாற்றுவது தூரம். அந்தத் தூரத்திலிருந்து எவ்வளவு காட்சியை உள்ளடக்குவது என்பதை முடிவு செய்வது லென்ஸ். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர். 35 மில்லிமீட்டர் பிலிமின் சட்டமளவு உணர்தகடு உள்ள காமிராவானால், 85 மில்லிமீட்டர் லென்ஸ், இரண்டு மீட்டரில் தலையும் தோளும் அழகாக அடங்குமாறு காட்டும். அதனினும் சிறிய உணர்தகடு உள்ள, புதியவர்கள் பெரிதும் வாங்கும் காமிராவானால், 50 மில்லிமீட்டர் லென்ஸே ஏறக்குறைய அதே பயனைத் தரும். இது லென்ஸ்களுள் விலை குறைந்தவற்றுள் ஒன்றாகவும் இருக்கிறது. கைபேசி மாத்திரமே உள்ளவர்கள் வருந்த வேண்டுவதில்லை. அதன் முதன்மை லென்ஸ் அகன்ற காட்சியைக் காட்டுவது. ஆதலால் இரண்டு மடங்கு பெரிதாக்கும் வசதியை அமைத்துக்கொண்டு, பின்வாங்கி நின்று எடுத்தால் போதும். எங்கள் பெரியம்மாவின் மூக்கு அப்படித்தான் தன் இடத்திற்குத் திரும்பியது.

லென்ஸ் வாங்குவோரை மயக்குவது இன்னொன்று உண்டு. எஃப் 1.8 போன்ற அகன்ற துவாரம் பின்புலத்தைக் கரைத்துவிடும் என்று கேள்விப்பட்டு, எப்போதும் அதையே திறந்து வைத்து எடுப்பார்கள். 85 மில்லிமீட்டர் லென்ஸில், இரண்டு மீட்டர் தூரத்தில், எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டரே. கண் தெளிந்தால் காது மங்கும். தலை சற்றே அசைந்தாலும் கண்ணே மங்கிவிடும். எஃப் 4 வைத்தால் அவ்வாழம் சுமார் 13 சென்டிமீட்டராகி, முகம் முழுவதும் அதில் அடங்கும். தொடக்கத்தில் எஃப் 4 வைத்துப் பழகி, நமக்கு அருகிலுள்ள கண்ணின்மேல் குவியத்தை வைப்பதே நலம். பின்புலம் கலையவேண்டுமானால், அமர்ந்திருப்பவரைச் சுவரிலிருந்து மூன்று, நான்கு மீட்டர் முன்னே கொண்டுவந்தால் அதுவே போதும்.

இனி ஒளியைப் பற்றிக் காண்போம். லென்ஸுக்குச் செலவிட்ட பணம் தீர்ந்துவிட்டதென்று கவலுறுவோர்க்கு ஒரு நற்செய்தி உண்டு. முகப்படத்திற்கு மிகச் சிறந்த விளக்கு நம் வீட்டுச் சன்னலே. ஜூலியா மார்கரெட் காமரன் என்னும் அம்மையார் 1815-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பிறந்தவர். 1863-இல், தம் நாற்பத்தெட்டாம் வயதில், இங்கிலாந்தில் வாழ்ந்திருந்தபோது, மகளும் மருமகனும் கொடுத்த காமிராவைக் கொண்டு முதன்முதலாகப் படம் எடுக்கத் தொடங்கினார். கண்ணாடி வேய்ந்த கோழிக் கொட்டகை ஒன்றையே தம் ஒளிக்கூடமாக மாற்றிக்கொண்டார். மின்விளக்கு இல்லாத அந்தக் காலத்தில் பகலொளி ஒன்றையே கொண்டு, வானநூலறிஞர் ஜான் ஹெர்ஷல் போன்றோரை அவர் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. 1879-இல் அவர் இலங்கையில் காலமானார். வயதாகிவிட்டதென்றும் வசதி இல்லையென்றும் தயங்குவோர்க்கு அவர் வாழ்க்கை ஒரு விடை.

நேர் வெயில் விழாத சன்னலாகத் தேர்ந்தெடுங்கள். அதிலிருந்து ஒரு மீட்டர் அளவில் நாற்காலியை இட்டு, ஒளி முகத்தின் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும்படி அமர்த்துங்கள். அப்போது கன்னமும் நெற்றியும் திரட்சி பெற்று, கண்ணில் ஒளிப்புள்ளி ஒன்று தோன்றும். அந்தப் புள்ளி இல்லாத கண் உயிரற்றதாகவே தெரியும். ஒளி படாத பக்கம் மிகவும் இருண்டிருந்தால், வெள்ளை வேட்டி ஒன்றை நாற்காலி முதுகில் விரித்து அப்பக்கம் வையுங்கள்; அது ஒளியைத் திருப்பி நிழலை இளக்கிவிடும். இதைச் சிறு தந்திரமென்று எள்ளவேண்டா. 1956-இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்தில் காசி நகரத்து வீட்டு முற்றத்தைக் கூடத்தில் அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அத்துணியின்மேல் பாய்ச்சினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி வானொளி போலவே பரவிற்று. பெரிய பரப்பிலிருந்து வரும் ஒளியே மென்மையான ஒளி என்பதுதான் இதன் உட்பொருள்.

நண்பகல் வெயிலைத் தவிருங்கள். உச்சிச் சூரியன் கண்குழிகளை இருளாக்கிவிடும். திண்ணையும் தாழ்வாரமும் அந்நேரத்திற்கு ஏற்றவை. ஆயினும் பக்கத்திலுள்ள பச்சை, நீலச் சுவர்களின் சாயல் முகத்தில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சன்னலொளியில் எடுக்கும்போது வீட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டும் நிறம் வேறானவையாதலின் முகம் ஒருபுறம் நீலமும் மறுபுறம் மஞ்சளுமாகும். இரவில் மின்விளக்கையே நம்ப நேர்ந்தால், அதை வெண்சுவரின்மேல் திருப்பி, சுவரொளியில் எடுக்கலாம். நம் மின்சாரத்தின் இயல்பால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை நூறில் ஒரு நொடியாகவோ ஐம்பதில் ஒரு நொடியாகவோ வைத்தால் படத்தில் வரிகள் விழா.

இன்றியமையாத ஒன்றை இறுதியாகக் கூறவேண்டும். வண்ணப் பிலிம் பரவிய காலத்தில், நிறத்தைச் சரிபார்க்க அச்சுக்கூடங்களில் வைத்திருந்த மாதிரிப் படங்களில் இருந்தவர்கள் வெள்ளைத் தோலுடைய பெண்களே. கருமுகம் சரியாக விழாமற் போனபோது பழி முகத்தின்மேல் சுமத்தப்பட்டது. இன்றைய காமிராவுக்கும் ஒரு குறை உண்டு. எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே அது கொள்ளும். வெள்ளை வேட்டியும் சட்டையும் அணிந்தவரை எடுத்தால் வெண்மைக்கு அஞ்சி ஒளியைக் குறைத்து, முகத்தைக் கரியாக்கும். இருண்ட சுவர்முன் அமர்த்தினால் ஒளியைக் கூட்டி முகத்தை வெளுக்கச் செய்யும். ஆதலின் ஒளியை அளக்கும்போது முகத்தை அளவாகக் கொள்ளுங்கள். உடையையும் சுவரையும் அன்று. பின்னர் அம்முகத்தை வெளுப்பாக்கும் வேலையில் இறங்காதீர்கள். கருநிறத்திற்கென்று பக்க ஒளியில் தோன்றும் ஒரு பளபளப்பு உண்டு. அதை அழித்துவிட்டால், எஞ்சுவது வேறு யாரோ ஒருவரின் படம்.

எங்கள் பெரியம்மாவைச் சன்னலோரம் அமர்த்தி, அவர் பிறந்த ஊரைப் பற்றிக் கேட்டோம். காமிராவை மறந்து அவர் பேசத் தொடங்கிய பிறகே எடுத்தோம். படத்தைக் கண்டு அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "இதையே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் எதற்காக வைத்துக்கொள்ளச் சொன்னார் என்பதை நாங்கள் உணர்ந்தோம். அவரும் அறிந்தே சொன்னார்.

நேயர்களே, உங்கள் இல்லத்திலும் ஒரு பெரியவர் இருப்பார். "எனக்கெதற்கப்பா படம்?" என்று அவர் மறுக்கக்கூடும். மறுப்பை மதித்து, அன்போடு மீண்டும் கேளுங்கள். ஒரு சன்னல், ஒரு நாற்காலி, ஒரு வெள்ளை வேட்டி, இரண்டு மீட்டர் இடைவெளி ஆகியவை போதும். நல்ல லென்ஸ் வாங்கியபின் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். லென்ஸை நாளையும் வாங்கலாம். அந்த முகம் நாளையும் இருக்கும் என்பதற்கு உறுதி ஏது?