நகை வேறு, உவகை வேறு

சிரிப்பவர் எல்லாரும் மகிழ்ச்சியாயிருக்கிறார் என்று நாம் எண்ணிவிடுகிறோம். தொல்காப்பியர் அப்படி எண்ணவில்லை. மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து நகையை முதலிலும் உவகையை எட்டாவதாகவும் வைத்தார். நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் முதலாவது எள்ளல். பிறரை இகழ்ந்தும் சிரிக்கலாம் அல்லவா? உவகைக்கோ செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பவற்றைச் சொல்லி, அதனை அல்லல் நீங்கிய உவகை என்கிறார். பிறர் துன்பங்கண்டு வரும் மகிழ்ச்சி உவகையாகாது என்று இதற்குப் பொருள் கொள்வாரும் உளர்.

உவகை உள்ளத்தது. அது வெளிப்படும்போது கொண்டாட்டம் என்கிறோம். உறவு கொண்டாடுதல், உரிமை கொண்டாடுதல் என்றும் பேசுகிறோமே! ஒன்றைத் தனதென ஏற்றுப் பலரறியச் செய்தலே இச்சொல்லின் உயிர். தனித்திருந்து மகிழலாம்; கொண்டாட இன்னொருவர் வேண்டும். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) ஆடிப்பிறப்புப் பாட்டிலும் மகிழ்ச்சி பொங்கியதும் சிறுவன் தோழர்களைத்தான் அழைக்கிறான்.

அப்படியாயின், அயலில் அழுகுரல் கேட்கையில் கொண்டாடுவது எப்படி? புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டிற் சாப்பறையையும் இன்னொரு வீட்டில் மணமுழவையும் கேட்கிறார். இவ்வாறு படைத்தவன் பண்பிலாதவன் என்று சினக்கிறார். பின்னர், உலகின் இயல்பறிந்தோர் இனியவற்றைக் காண்பாராக என்று அமைதி கொள்கிறார். எனக்கென்னவோ அந்த அமைதியைவிடச் சினமே நெருக்கமாயிருக்கிறது. ஒரு வீட்டார் மற்ற வீட்டுக்குப் போனார்களா என்று அவர் சொல்லவில்லை.

எங்கள் ஊரிற் போவதுண்டு. இழவு நேர்ந்த வீட்டில் ஆண்டுத் திவசம் முடியும்வரை பண்டிகை இல்லை. ஐயா காலமான ஆண்டு ஆடிப்பிறப்பன்று எங்கள் அடுப்பிற் கூழ்ப்பானை ஏறவில்லை. பொழுது சாயும் நேரம் அயல்வீட்டுப் பையன் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தான். கையில் மூடிய சட்டி. பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் மணத்தன. மேலே ஒரு கிண்ணத்திற் கொழுக்கட்டை.

“கூழ் கொஞ்சம் கூடிப்போச்சாம், ஆச்சி குடுத்துவிட்டவ” என்றான்.

கூடிப்போகவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். சட்டியை வாங்கி வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். எங்களில் எவரும் சிரிக்கவில்லை. பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, அதனாற் கூழ் அள்ளிக் குடிப்பது அக்கால வழக்கம். இருட்டுவதற்கு முன் நல்ல இலையாகப் பார்த்துப் பொறுக்கி வரும்படி அம்மா எங்களை வளவுக்குள் அனுப்பினார். அந்தப் பையனுக்கும் சேர்த்து.