தொழுவத்துக்கு வழி எது?

(டிசம்பரில் மயிலாப்பூர்ப் பகுதி தலித் கிறித்தவ இளைஞர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாம்பலம் ஸ்டேஷன்ல எறங்கி ரங்கநாதன் தெருவத் தாண்டி உஸ்மான் ரோட்டுக்கு வர்றதுக்கே அரை மணி நேரம் ஆயிப்போச்சு. ஒரு கடை வாசல்ல பஞ்சுத் தாடி ஒட்டிக்கிட்டு, சிவப்பு அங்கி மாட்டிக்கிட்டு ஒருத்தர் மணி ஆட்டுறார். வேர்வை தாடியில சொட்டுது. பக்கத்துல தொழுவம் செட்டு செட்டா விக்கிறாங்க. மாடு, ஆடு, மரியாள், சூசை, குழந்தை எல்லாம் ஒரே டப்பாவுல. அதுக்கும் தள்ளுபடி.

இதைப் பாத்து, "அய்யோ, விசுவாசம் போச்சு, வியாபாரம் வந்துருச்சு"ன்னு பிரசங்கம் பண்றது ரொம்ப லேசு. அதைச் செய்ய நான் வரல. அந்தப் பிரசங்கத்தை யார் யாருக்குச் செய்யிறாங்கன்னு முதல்ல பாக்கணும். 1930 டிசம்பர்ல ராமநாதபுரம் பக்கத்துல ஆதிக்கச் சாதியார் நம்ம சனத்துக்கு எட்டுக் கட்டளை போட்டாங்க. தங்கம் வெள்ளி போடக்கூடாது. முழங்காலுக்குக் கீழ வேட்டி எறங்கக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. மீறினவங்க குடிசைய எரிச்சாங்க. இந்த வரலாறு உள்ள வீட்டுல ஒரு தாய் வருசத்துக்கு ஒருமுறை பிள்ளைக்குப் புதுச்சட்டை எடுத்துக் குடுத்தா, அதை ஆடம்பரம்னு சொல்ல எனக்கு வாய் வராது. அந்தச் சட்டை மானம்.

ஆனா அந்தச் சட்டையத் தண்டல் வாங்கி எடுத்தோமா? அங்கதான் கேள்வி. இருபத்தஞ்சாந் தேதி ஒருநாள் பண்டிகை. சனவரி பூராவும் தண்டல்காரர் வாசல்ல நிப்பார். மானத்துக்காக வாங்கின துணி, மானத்தை வாங்கிட்டுப் போகுது. இதைத்தான் நான் வியாபாரம்னு சொல்றேன்.

சரி, விசுவாசத்தை மையத்துல வைக்கணும்னு சொல்றோமே, எந்த விசுவாசத்தை? பிறப்புக் கதையத் திரும்பப் படிங்க. பிள்ளைத்தாச்சி ஒருத்தி ஊருக்குள்ள வர்றா. தங்க இடமில்ல. மாட்டுக்குத் தீனி வைக்கிற தொட்டியில குழந்தையக் கிடத்துறாங்க. சேதி முதல்ல ஆலயத்துக்குப் போகல, அரண்மனைக்குப் போகல. ராத்திரியில ஆடு காத்துக்கிட்டிருந்த கூலிக்காரங்களுக்குப் போச்சு. ஊருக்கு வெளிய நிறுத்தப்பட்டவங்ககிட்ட வந்த கடவுள். இதுதான் மையம். மத்ததெல்லாம் சீரியல் லைட்டு.

டிசம்பர் 25ங்கிற தேதி பைபிள்ல இல்ல. ரோமாபுரிச் சபை 336ஆம் ஆண்டளவில் அந்த நாளைக் கொண்டாடியதாகக் குறிப்பு இருக்கிறது. நமக்கோ அந்தத் தேதியில வேற ரெண்டு நினைவு இருக்கு. 1927 டிசம்பர் 25, மகாத்துல அம்பேத்கர் தலைமையில மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. 1968 டிசம்பர் 25, அன்றைய தஞ்சை மாவட்டம் கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், ஒரே குடிசைக்குள்ள எரிச்சுக் கொல்லப்பட்டாங்க. தண்டிக்கப்பட்ட மிராசுதார்களை இதே சென்னையில இருக்கிற உயர்நீதிமன்றம் பின்னால விடுதலை செஞ்சது. உலகமே பிறப்பைப் பாடின ராத்திரியில நடந்தது இது. நம்ம மன்றாட்டுல அந்த 44 பேருக்கு எடம் இல்லைன்னா, நாம கொண்டாடுற தொழுவம் டப்பாவுல வந்த தொழுவம்தான்.

சபைக்குள்ளயும் பாக்கணும். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறித்தவர்கள் சம உரிமை கேட்டபோது கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று கொள்கை வெளியிட்டது. சபைக்குள்ள பாகுபாடு இருக்குன்னு எழுத்துல ஒத்துக்கிட்டாங்க. அரசாங்கம் பண்ணினது இன்னொன்று. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியில் சேர்க்கல. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். நமக்குக் கதவு திறக்கல. சர்ச்சுல சாதி உண்டு, சர்ட்டிபிகேட்டுல இல்ல. இந்த அநியாயத்தைப் பேசாத பீடத்துல எத்தனை நட்சத்திரம் கட்டினா என்ன?

இப்ப தி.நகருக்குத் திரும்புவோம். அந்தக் கடைகள்ல சேலை விரிச்சுக் காட்டுற பொண்ணுங்க யாரு? நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை. உட்கார நாற்காலி குடுக்கணும்னு தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டதே 2021இல்தான். பொழுதெல்லாம் நிக்கிற காலுக்கு உட்கார ஒரு சட்டம் வேண்டியிருந்தது, பாருங்க! அந்தப் பொண்ணுல நம்ம தங்கச்சியும் உண்டு. இருபத்தி நாலாந் தேதி கடை அடைச்சு, கணக்கு முடிச்சு அவ வெளிய வர்றதுக்குள்ள சாந்தோம்லயும் பெசன்ட் நகர்லயும் பூசை முடிஞ்சிடும். நமக்குக் கிறிஸ்துமஸ் வித்தவளுக்குக் கிறிஸ்துமஸ் இல்ல.

இன்னொரு கூட்டம். அடையாற்றங்கரையிலயும் கூவங்கரையிலயும் இருந்த குடும்பங்களை 2000 முதல் கண்ணகி நகருக்கு அனுப்புனாங்க. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கும் அனுப்புனாங்க. பெத்லகேம்ல சொன்ன அதே வார்த்தை: இடமில்ல. அவங்க ஞானஸ்நானம் வாங்கின கோயில் இங்க இருக்கு. நடுராத்திரிப் பூசைக்கு எந்த பஸ்ல வருவாங்க?

அதனால நான் கேக்குறது பெரிய காரியம் ஒண்ணுமில்ல. புதுத்துணி எடுங்க, ஆனா தண்டல் வாங்கி எடுக்காதீங்க. இந்த வருசம் குடில் சோடிக்க வசூலிக்கிற பணத்துல பாதிய எடுத்து, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஆளுக்கொரு வேன் பேசுங்க. கடைப் பொண்ணுங்க வந்து சேர்ற மாதிரி பூசை நேரத்தைத் தள்ளி வைக்கச் சொல்லி பங்குச் சாமியார்கிட்டப் போய்க் கேளுங்க. முடியாதுன்னா, விடியக்காலையில இன்னொரு பூசை கேளுங்க. மன்றாட்டுல வெண்மணியச் சொல்லுங்க.

குடில் கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கும். இருக்கட்டும். முதல் குடிலும் சின்னதுதான். அந்த வேன் வந்து நின்னு, சனம் எறங்கி உள்ள வருதே, அதுதான் பிறப்பு.

ஜெய்பீம்.