ஸ்பீக்கர் வாங்கும் முன்
(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் ஹாலுக்கு ஸ்பீக்கர் வாங்க மூன்று கொட்டேஷன்கள் வந்திருக்கின்றன. சத்தம் வந்தால் போதும் என்றால் எதை வாங்கினாலும் சரிதான். ஆனால் நம் குழந்தைகள் பாட்டு வகுப்பில் அதைக் கேட்டுத்தான் காதைப் பழக்கப் போகிறார்கள். ஞாயிறு மாலை நாமும் கச்சேரிப் பதிவுகளை உன்னிப்பாகக் கேட்கப் போகிறோம். பணமோ பராமரிப்பு நிதியிலிருந்து போகிறது. அதனால் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

வங்கியில் லெட்ஜரில் உள்ளதுதான் பாஸ்புக்கிலும் இருக்க வேண்டும். கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. ஸ்பீக்கரும் அப்படித்தான். "பேஸ் எப்படி அதிருது பாருங்க சார்" என்பார் கடைக்காரர். பதிவில் இல்லாத அதிர்வு, கணக்கில் வராத வரவு.

முதலில் கேட்டலாக். "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமில்லை. அந்த எல்லைக்குள் ஒலி எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்று கேளுங்கள். கூடக்குறைய 3 டெசிபலுக்குள் என்றால் மேற்கொண்டு பேசலாம்.

அடுத்து காது. பிபிசி பொறியாளர்கள் ஸ்பீக்கரைச் சோதிக்க மனிதக் குரலையே பெரிதும் நம்பினார்கள். ஒருவரை நேரில் பேசச் சொல்லி, அவர் குரலின் பதிவோடு ஒப்பிட்டார்கள். பழகிய குரலில் சின்ன மாற்றம் இருந்தாலும் காது கண்டுபிடித்துவிடும். நம் பாட்டு டீச்சரின் பேச்சையும் தம்புராவையும் நல்ல மைக்கில் பதிவு செய்து, அவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கேட்கலாம். குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருகிறதா? மூக்கடைத்த மாதிரி இருக்கிறதா? மிருதங்கத்தின் தொப்பி ஒலி தனியாகத் தெரிகிறதா, வெறும் 'தொம் தொம்' என்று குழம்புகிறதா?

இதில் ஏமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று சத்தம். ஒரு டெசிபல் கூடினால்கூட அது சத்தமாகத் தோன்றாது, 'நன்றாக இருக்கிறது' என்றே தோன்றும். செல்போனில் ஒலி அளக்கும் செயலியை வைத்து மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இன்னொன்று கண். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் ஃபிளாய்ட் டூல் 1980களில் ஸ்பீக்கர்களை மறைத்து வைத்துக் கேட்கச் சொன்னார். அளவில் சீராக இருந்தவற்றையே பெரும்பாலோர் விரும்பினார்கள். பெயரும் விலையும் தெரிந்தால் தீர்ப்பு மாறிவிடும்.

நம் ஹாலையும் மறக்கக் கூடாது. டைல்ஸ் தரை, வெறும் சுவர். கை தட்டினால் எதிரொலிக்கிறது. மூலையில் வைத்தால் பேஸ் வீங்கும். எனவே ஷோரூமில் கேட்டு முடிவு செய்ய வேண்டாம்.

என் கோரிக்கை இதுதான். ஆர்டர் கொடுக்கும் முன் மூன்று ஜோடியும் ஒரு ஞாயிறு நம் ஹாலுக்கு வரட்டும். மெல்லிய திரைக்குப் பின்னால் 1, 2, 3 என்று வைத்து, சீட்டில் எழுதிப் போடுவோம். கொண்டுவர மறுப்பவரின் கொட்டேஷனை ஒதுக்கிவிடலாம். பேரக்குழந்தைகளையும் கூட்டி வாருங்கள். வயதானால் உச்ச ஒலிகள் நம் காதில் விழுவது குறையும். அந்தப் பகுதிக்கு அவர்கள்தான் ஆடிட்டர்.